நடு அறையில் ஐந்து பேர்

அன்று நடு அறையில் இருந்தவர்கள் இவர்கள்: விருசபதாசன் ஆகிய நான், என் மகள் குசுமாவதி, என் தம்பி மகன் ஜினதாசன், எனக்குச் சம்பந்தியாக வர இருந்த ஆரணிப் பக்கத்து அனந்தநாதன், என் தங்கை மருதேவி. மொத்தம் ஐந்து பேர்.

இதை நான் எழுதுவது யாரையும் பயமுறுத்துவதற்காக அல்ல. எங்கள் வீட்டைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் யாரும் அந்த அறைக்குள் இருந்தவர்கள் இல்லை. நான் இருந்தேன்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில் மேற்குக் கோபுரத்துக்குப் பின்னால், மலையடிவாரத்தை ஒட்டி இருக்கிறது. அந்தத் தெருவில் சமணர் வீடு எங்களுடையது ஒன்றுதான். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பது எங்கள் மக்கள் எல்லோருக்கும் பொதுவான வழக்கம். எங்கள் வீட்டில் அது இன்னும் கெட்டியானது. கோடையில்கூட எங்கள் தெருவுக்கு ஐந்தேகால் மணிக்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். உண்மையில் பொழுது சாய அதன்பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் மலை நிழல் முற்றத்தில் விழுந்துவிட்டால் எங்கள் வீட்டில் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. என் தாத்தா வைத்த முறை அது. மற்ற ஊர்ச் சமணர்கள் இதை வியந்து பேசுவார்கள். அந்த வியப்பில் சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு பெருமை உண்டு.

வீட்டின் நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதற்கு இரண்டு கதவுகள். ஒன்று உள்வீட்டுக்குத் திறக்கும், மற்றொன்று தெருப்பக்கத்துக் கூடத்துக்குத் திறக்கும். இரண்டுக்கும் தாழ்ப்பாள் வெளிப்புறத்தில்தான். இந்தச் சுற்றுவட்டாரத்துச் சமணக் குடும்பங்களின் பதிவேடு தலைமுறை தலைமுறையாக அந்த அறையில் எங்கள் பொறுப்பில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு தாள். பிறந்தவர், இறந்தவர், கல்யாணமாகி வந்தவர், போனவர் எல்லோரும் அதில் உண்டு.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பிற்பகல் அவள் உள்வீட்டுக் கதவு வழியாக அந்த அறைக்குள் வருவாள். வந்ததும் அந்தக் கதவை வெளியே தாழிட்டுவிடுவார்கள். வீட்டுத் தலைவர் எங்கள் தாளில் அவள் பெயரை வெட்டுவார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அதே பேனாவை வாங்கி அவர்கள் தாளில் எழுதுவார். பிறகு அவர் மூன்று முறை தட்டினால் கூடத்துக் கதவு திறக்கும். பெண் அந்த வழியாக வெளியே போவாள். வந்த கதவு வழியாகத் திரும்புவது கிடையாது.

1989-ஆம் வருடம் சித்திரையில் அந்த அறைக்குள் கம்ப்யூட்டர் வந்தது. பதிவேட்டைக் கரையான் அரித்துக்கொண்டிருந்ததால் எங்கள் சங்கத்தார் கூடி எடுத்த முடிவு. ஜினதாசன் சென்னையில் அந்த வேலையில்தான் இருந்தான். இருபத்தெட்டு வயது, நல்ல சம்பளம், மரியாதை தெரிந்த பையன். மெஷினை ஜமக்காளத்தில் சுற்றி, அம்பாசிடர் காரின் பின் சீட்டில் குழந்தையைப் போலக் கிடத்திக் கொண்டுவந்தான். பச்சை எழுத்துகள் தெரியும் ஒரு சின்னத் திரை. பக்கத்தில் ஒரு ஸ்டெபிலைசர். பல பேர் ஒரே சமயத்தில் வேலை செய்யும் பெரிய ஆபீசுக்கான ஏற்பாடு அது, ஆனால் இங்கே ஒரு கீபோர்டு போதும் என்றான்.

வேலையைத் தொடங்கும் முன் என்னை உட்கார வைத்து விளக்கினான். ஒரு பெட்டியில் வீடுகள், ஒரு பெட்டியில் ஆட்கள், யார் எந்த வீடு என்பது மூன்றாவது பெட்டியில். பெண் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் இடத்தில்தான் அவன் குரல் கொஞ்சம் கவனமானது.

"வெட்டறதும் எழுதறதும் ரெண்டு வேலை இல்லீங்க பெரிப்பா, ஒரே வேலை. ரெண்டும் முடிஞ்சாத்தான் மெஷின் ஏத்துக்கணும். அதுக்குப் பேரு கமிட். நடுவுல ஏதாவது தப்பு வந்துட்டா எங்க போறதுன்னு முன்னாடியே எழுதி வெச்சுடணும். அது ரோல்பேக். வெட்டினதே இல்லைன்னு ஆயிடும். பொண்ணு பழையபடி நம்ம வீட்டுலயே இருப்பா."

"வெட்டின பேரைத் திரும்ப எழுதறது இந்த வீட்டுல கிடையாது" என்றேன்.

"நடுவுல கரண்ட் போயிடுச்சுன்னா?"

"போனா போகட்டும். வெட்டினது வெட்டினதுதான். வெட்டின உடனே உன் கமிட்டைப் போட்டுடு."

அவன் திரைப் பக்கம் திரும்பினான். பிறகு மெல்லக் கேட்டான்.

"அப்போ அந்தப் பொண்ணு எந்த வீட்டுலயும் இல்லாம நடுவுல நிப்பாளே பெரிப்பா?"

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். சரிங்க பெரிப்பா என்று பின்னால் அவன் சொன்னது கேட்டது.

மூன்று வாரம் உட்கார்ந்து எல்லாத் தாள்களையும் ஏற்றினான். எங்கள் வீட்டுத் தாளில் மட்டும் 1946-இல் ஒரு வரியில் மை கொட்டி, எழுத்து தெரியாதபடி வெட்டியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அந்த வருடம் யாரும் வேறு எந்த வீட்டிலும் ஏறவில்லை. யார் இது என்று கேட்டான். விட்டுவிடு என்றேன். விட்டுவிட்டான்.

ஆனால் மொத்தத்தை எண்ணச் சொன்னால் மெஷின் ஒன்று கூடுதலாகவே சொல்லியது. தாள்களில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேர். மெஷினில் பதினேழு. ஒவ்வொரு பெயராக அச்சடித்துப் பார்த்தால் பதினாறுதான் வரும். அந்தப் பதினேழாவது ஆளைத் தேடி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவன், கையைத் துடைத்தபடி வேறொன்று கேட்டான்.

"வீட்டுல யாருக்காவது அம்மை போட்டிருக்கா பெரிப்பா? அந்த ரூம்ல வேப்பிலை வாசனை ஜாஸ்தியா வருது."

யாருக்கும் இல்லை என்றேன். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

குசுமாவதி எனக்கு ஒரே பெண். தாயில்லாமல் வளர்ந்தவள். அவளுடைய கல்யாணம் வைகாசியில். முந்தின நாள் பிற்பகல் நாலரை மணிக்கு நடு அறைக்குள் போனோம். வெயில் சாயும் முன் பந்தி முடிய வேண்டும் என்பதால் உள்வீட்டில் இலை போடத் தொடங்கியிருந்தார்கள். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் நிறைந்திருந்தார்கள். நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது.

அனந்தநாதன் கலகலப்பான மனிதர். இரண்டு கதவும் வெளியே தாழிடப்பட்ட சத்தம் கேட்டதும் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பேங்க்லகூட இவ்ளோ பூட்டு இல்லீங்க. பொண்ணைக் கொடுக்கறீங்களா, எங்களைப் பிடிச்சு வெச்சுக்கறீங்களா?"

குசுமா வாய்பொத்திச் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் பார்த்தேன். அந்த நிமிடம் வரை எல்லாம் சரியாக இருந்தது.

ஜினதாசன் கீபோர்டில் தட்டினான். எங்கள் வீட்டில் குசுமாவதி என்ற வரி திரையிலிருந்து போயிற்று. அனந்தநாதன் முன்னால் நகர்ந்து, அவன் காட்டிய பொத்தானை ஒற்றை விரலால் அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

திரையின் அடியில் ஒரு வரி வந்தது. ஜினதாசன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு எங்களுக்குச் சொன்னான்: இந்த இடம் வேறொருவர் கையில் இருக்கிறது, காத்திருக்கவும்.

"வேறொருத்தரா? யாரு?" என்றார் அனந்தநாதன்.

"இருக்கறது ஒரே ஒரு கீபோர்டுங்க" என்றான் ஜினதாசன். அது என் கையிலதானே இருக்கு என்பதுபோல அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். பிறகு என் பக்கம் சாய்ந்து காதோடு கேட்டான். "பழையபடி ஆக்கிடட்டுமா பெரிப்பா? அப்புறம் முதல்லேர்ந்து பண்ணலாம்."

"கூடாது" என்றேன்.

அப்போது கரண்ட் போயிற்று. விளக்கு அணைந்தது, மேலே மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. ஸ்டெபிலைசரின் சிவப்புப் புள்ளி மறைந்தது.

திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

ஜினதாசன் குனிந்து பிளக்கைப் பிடுங்கிக் கையில் எடுத்தான். பச்சை வெளிச்சம் அவன் முகத்தில் அப்படியே இருந்தது. காத்திருக்கவும் என்ற வரியும் அப்படியே இருந்தது.

அனந்தநாதன் எழுந்து கூடத்துக் கதவை மூன்று முறை தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு கையால் அறைந்தார். அந்தப் பக்கம் நாகஸ்வரம் துல்லியமாகக் கேட்டது. யாரோ இன்னொரு டம்ளர் மோர் கேட்டதுகூடக் கேட்டது. எங்கள் சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. நான் உள்வீட்டுக் கதவைத் தட்டினேன். இலை போடும் சத்தம் நிற்கவில்லை.

அறைக்குள் காற்று இறுகியது. அக்கினி நட்சத்திர வெயில் சுவருக்குள் ஊறியிருந்தது. மூச்சை இழுத்தால் வேப்பிலை. புதிதாகப் பறித்தது அல்ல, வாசலில் கட்டி ஒன்பது பத்து நாள் காய்ந்த வேப்பிலை.

"அப்பா, தண்ணி" என்றாள் குசுமா. அவள் சுவரில் சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

கதவிலிருந்து திரும்பிய அனந்தநாதன் அவளை உற்றுப் பார்த்தார். கொஞ்ச நேரம் முன் வேடிக்கை பேசிய மனிதர். அவர் முகத்தில் மரியாதையான ஒரு குழப்பம் இருந்தது.

"நயினாரே, இந்தப் பொண்ணு யாருங்க?"

இருட்டில் அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தேன். ஜினதாசனைப் பார்த்தேன். அவளோடு ஒரே வீட்டில் விளையாடி வளர்ந்தவன் அவன். அவனும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது, பெயர் வரவில்லை.

"பெரிப்பா, பழையபடி ஆக்கணும்னு சொன்னேனே. யாரை ஆக்கணும்?"

நான் அவள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

வரவில்லை.

என் மகள். அவளுக்கு நான் வைத்த பெயர். இருபத்து மூன்று வருடம் நாளுக்கு நூறு முறை கூப்பிட்ட பெயர். நாக்கில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கும் கண்ணும் தெரிந்தன, ஆனால் யாரோ ஒரு வீட்டுப் பெண்ணின் முகத்தைப் போல விலகிக்கொண்டே போயின. இன்னும் கொஞ்ச நேரத்தில் நானும் அனந்தநாதனைப் போலக் கேட்பேன் என்று எனக்குப் புரிந்தது.

"அப்பா" என்றாள் அவள். குரல் தொலைவிலிருந்து வந்தது.

அப்போதுதான் தட்டும் சத்தம் கேட்டது.

உள்வீட்டுக் கதவில். வெளியிலிருந்து அல்ல, எங்கள் பக்கத்திலிருந்து. கதவின் அடிப்பாகத்தில், தரையில் உட்கார்ந்திருப்பவர் கை எட்டும் உயரத்தில்.

மூன்று முறை. வலு இல்லாத கை.

அந்தக் கதவருகே யாரும் இல்லை. நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி இருந்தோம்.

ஜினதாசன் அவசரமாக எதையோ தட்டினான். இந்த மெஷினில் இப்போது யார் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் சொல்லுமாம். சொல்லியது. இரண்டு வரிகள். முதல் வரி அவன் பெயர், இன்று நாலு நாற்பது முதல். இரண்டாவது வரியில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தேதி மட்டும் இருந்தது.

"இருபத்திரண்டு, மே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தாறு" என்று வாசித்தான். வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "இந்த மெஷினோட கடிகாரத்துக்கு எழுபதாம் வருஷத்துக்கு முன்னாடி தேதியே தெரியாதுங்க பெரிப்பா."

"இவங்களை நிறுத்த முடியாதா?" என்றார் அனந்தநாதன்.

ஜினதாசன் முயன்று பார்த்தான். மெஷின் மறுத்தது. "ஆரம்பிச்சதை அவங்க முடிக்கணும், இல்ல அவங்களுக்குப் பழையபடி ஆகணும். ரெண்டுல ஒண்ணு நடக்காம வழி இல்லீங்க. நாப்பத்து மூணு வருஷமா யாரு நிக்கறது பெரிப்பா?"

மறுபடியும் தட்டும் சத்தம். அதோடு ஒரு குரல். கிசுகிசுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். தொண்டை காய்ந்தவளின் குரல்.

"பொழுது போகல அண்ணா. மலைதான் மறைக்குது."

மற்ற மூவரும் அதைக் கேட்டார்கள். கேட்டதாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார்கள். அனந்தநாதன் என்னைப் பார்த்தார். நான் பேசினால் அவர் இந்தச் சம்பந்தமே வேண்டாமென்று போய்விடலாம். விடிந்தால் முகூர்த்தம். ஆரணி, வந்தவாசி, போளூர் வரை எங்கள் வீட்டுப் பெயர் நாறிப்போகும். நாற்பத்து மூன்று வருடம் நான் கட்டிக்காத்தது அதைத்தான்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண் இப்போது என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. யாரென்று தெரியாதவரைப் பார்ப்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

நான் பேசினேன்.

"அவ என் தங்கச்சி. பதினேழு வயசு. அவ பேரை வெட்டினவன் நான். அவளைச் சாக விட்டதும் நான்."

மற்றதையும் சொன்னேன். எழுதும்போது குறைத்து எழுதக் கூடாது என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

அவளுடைய கல்யாணத்துக்கு முந்தின நாள். அப்பாவுக்குக் கை நடுக்கம், அதனால் வெட்டும் பேனா என் கையில் இருந்தது. எனக்கு வயது இருபது. வெட்டினேன். மாப்பிள்ளையின் மாமா பேனாவை வாங்கக் கையை நீட்டினார். மாலை ஐந்தரை. அவர் வாயில் வெற்றிலை இருந்தது. மலை நிழல் விழுந்தபின் வாயில் எதையாவது போட்டவர் கையில் எங்கள் வீட்டுப் பேனாவைத் தரமுடியாது என்றேன். எங்கள் ஊரில் இன்னும் பொழுது இருக்கிறது தம்பி என்று அவர் சிரித்தார். சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னேன். அதை எழுதமாட்டேன். கூடத்துக் கதவைத் திறக்கச் சொல்லி அவர் மட்டும் வெளியே போனார். அவரோடு மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

வெட்டிய பெயரைத் திரும்ப எழுதினால், எங்கள் பெண்ணை வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள் என்று ஆகிவிடும் என்றார் அப்பா. பேசி முடிக்கும்வரை அவள் நடு அறையிலேயே இருக்கட்டும் என்று இரண்டு கதவையும் பூட்டினார். அம்மா இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஊருக்கு என்ன சொல்வது என்று கேட்டபோது, அம்மை கண்டிருக்கிறது என்று சொல்லலாம் என்றது நான்தான். வாசலில் வேப்பிலை கட்டியதும் நான்தான். அம்மை ஒட்டிவிடும் என்று சொல்லி, சின்னவனாக இருந்த என் தம்பியை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அதன்பிறகு யாரும் அந்தக் கதவை நெருங்கவில்லை. மலை நிழல் விழுவதற்கு முன் தினமும் நான் சோறும் தண்ணீரும் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் கொஞ்சம் பிந்திவிட்டேன். நிழல் விழுந்துவிட்டது. அவள் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டாள். பொழுது போய்விட்டது, காலையில் தருகிறேன் என்றேன். பொழுது போகவில்லை அண்ணா, மலைதான் மறைக்கிறது என்றாள். அது உண்மை. வெளியே வெளிச்சமாகத்தான் இருந்தது. இந்த வீட்டில் இதுதான் பொழுது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விடியும் முன்பே மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது, பேசலாம் என்று. அப்பாவும் நானும் வண்டியில் புறப்பட்டோம். சாவி என் இடுப்பில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். வண்டி ஏறும்போது நினைவு வந்தது. மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். பேச்சு இரண்டு நாள் இழுத்தது. மூன்றாம் நாள்தான் வந்தோம். கதவு தட்டும் சத்தம் வீட்டில் வேலை செய்த தங்கம்மாளுக்குக் கேட்டதாம். அம்மை கண்டவளின் கதவை அவள் எப்படித் திறப்பாள்?

அம்மையில் போய்விட்டாள் என்று சொன்னோம். அந்த வரியின் மேல் அப்பா மையைக் கொட்டினார். வெட்டின பெயரைத் திரும்ப எழுதக் கூடாது என்ற விதி அன்றுதான் வந்தது. அதற்கு முன் எங்கள் வீட்டில் அப்படி ஒரு விதி கிடையாது.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். நான் அலமாரியிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்தேன். திரையின் வெளிச்சத்தில் எங்கள் தாளைப் பிரித்தேன். மை கொட்டிய வரிக்குப் பக்கத்தில் எழுதினேன்: மருதேவி, இந்த வீட்டுப் பெண். வெட்டியது தவறு. கீழே கையெழுத்துப் போட்டேன்.

"நான் ஒண்ணும் தொடலீங்க பெரிப்பா" என்றான் ஜினதாசன். அவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தான். திரையில் இரண்டாவது வரி இல்லை.

"குசுமாவதி" என்றேன். பெயர் தானாக வந்தது. "குசுமாவதி பேரைப் பழையபடி ஆக்கு."

அவன் கைகளை இறக்கினான். "நீங்க சொன்னபடி நான் எழுதலீங்க. வெட்டின இடத்துல கமிட் போடவே இல்ல. மன்னிச்சுடுங்க."

"ஆக்கு" என்றேன்.

தட்டினான். எங்கள் வீட்டில் குசுமாவதி என்ற வரி, ஒன்றுமே நடக்காததுபோல இருந்த இடத்திலேயே இருந்தது. அதே சமயம் உள்வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் வெளியே விலகியது. திறந்தது யார் என்று பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன். உள்வீட்டில் யாரும் கதவருகே வரவில்லை.

முற்றத்தில் மலை நிழல் நிறைந்திருந்தது. மணி ஆறு. நான் நேராகத் தண்ணீர்ப் பானைக்குப் போனேன். துணியில் வடிகட்டி இரண்டு செம்பு மொண்டேன். நிழல் விழுந்தபின் எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பானையைத் தொட்டது அதுவே முதல் முறை. ஒரு செம்பை என் மகளிடம் கொடுத்தேன். மற்றொன்றைக் கதவின் அடியில், சத்தம் வந்த இடத்தில் வைத்தேன்.

அனந்தநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"உங்க வீட்டுல பொழுது போயிடுச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். "இன்னும் இருக்குது."

"அப்போ குசுமாவைக் கூட்டிட்டு வாங்க. முதல்ல சாப்பிடலாம். எழுதறதைக் காலையில எழுதிக்கலாம்."

அவள் வந்த கதவு வழியாகவே திரும்பி வந்தாள். மறுநாள் காலை இரண்டு கதவையும் திறந்துவைத்துக்கொண்டு எழுதினோம். வெட்டியதும் எழுதியதும் ஒரே மூச்சில் முடிந்தன. அனந்தநாதன் அன்று அந்த அறைக்குள் கேட்டதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் நானே சொல்கிறேன்.

இப்போது மெஷின் சொல்லும் கணக்கும் அச்சடிக்கும் கணக்கும் ஒன்றாக இருக்கின்றன. எங்கள் வீட்டின் கீழ் மருதேவி, வயது பதினேழு என்று ஒரு வரி வருகிறது. இறந்த தேதியைப் போட ஜினதாசன் மூன்று முறை முயன்றான். மூன்று முறையும் அதே பதில்: இந்த வரி வேறொருவர் கையில் இருக்கிறது. விட்டுவிடு என்று இந்த முறையும் சொன்னேன். தினமும் மலை நிழல் விழும்போது நடு அறைக் கதவருகே ஒரு செம்புத் தண்ணீர் வைக்கிறேன். உண்மையான பொழுது சாயும்போது போய்ப் பார்த்தால் செம்பு காலியாக இருக்கும். தரை காய்ந்திருக்கும்.

அன்று அந்த அறைக்குள் போனதும் நான்கு பேர், வெளியே வந்ததும் நான்கு பேர், கிழவனுக்கு வெக்கையில் மூளை கலங்கிவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது.

அது தவறு. உள்ளே போனது நான்கு பேர். வெளியே வந்தது ஐந்து பேர்.